ஓசை எழுப்பாத வடிகால்

வாளி நீர் முழுவதும் வடிகாலுக்குள் இறங்கிய பின்னரும் அதிலிருந்து எந்த ஓசையும் எழவில்லை.

எல்மா சக்கர நாற்காலியில் சற்றே முன்சாய்ந்து காது கொடுத்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆயுளில் பாதியைக் கழித்தவள் அவள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே அடைத்துக்கொள்கிறது என்பதைப் பாராமலே சொல்லிவிடுவாள். எந்த வடிகாலும் கடைசியில் ஒரு மிடறு விழுங்கும். ஒரு குமிழியாவது விடும். இதுவோ, வாங்கிய நீரை எங்கும் விழவிடாமல் வாய்க்குள்ளேயே வைத்திருப்பதுபோல் இருந்தது.

"பாத்தியா? ஒரு சொட்டு நிக்கல," என்றான் அவள் கணவன் ரெய்னோ, வெறும் வாளியை ஆட்டியபடி. "நாலு பக்கமும் நடுவப் பாத்து சரிவு. படி இல்ல, வரம்பு இல்ல. நாற்காலியோட அப்படியே உள்ள போகலாம்."

"சத்தமே வரலியே."

"இந்த வீட்டுல சத்தம் போடாதது ஒண்ணாவது இருக்கட்டும்."

எல்மா சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது. இலையுதிர்காலத்தில் வந்த பக்கவாதம் அவளுடைய இடப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. இடக் கையும் இடக் காலும் அவளோடு இருந்தனவேயன்றி அவளுடையவையாக இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது.

மேல்தளக் குளியலறைக்குள் நாற்காலி நுழையாது. வீடு மலைச்சரிவில் இருந்ததால் பின்வாசல் வழியே கீழ்த்தளத்துக்கு நேராக உருட்டிவரலாம். ஆகவே ரெய்னோ அங்கே இந்தக் குளியலறையைக் கட்டினான். மகள் மார்லா ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். அம்மாவை வீட்டிலேயே ஒழுங்காகக் குளிப்பாட்ட முடிந்தால் சரி. முடியாவிட்டால், திங்கட்கிழமை பராமரிப்பு இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகிறது. சனிக்கிழமை மாலை தொலைபேசியில் கேட்பாள். மருத்துவமனையில் தொடக்க நாள்களில் எல்மா, கட்டிலுக்கடியில் யாரோ படுத்திருப்பதாக ஓரிரு முறை சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் மகள் எடைபோட்டாள். அச்சம் என்று எல்மா எதைச் சொன்னாலும் அது மனக்குழப்பம் என்றே பதிவாகும்.

அன்று சனிக்கிழமை. மதியக் காப்பிக்கு வந்த டேல், எல்மாவின் அண்ணன் மகன், குழாய் வேலை செய்பவன், மண்டியிட்டு வடிகாலுக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தான்.

"மாமா, வளைவு எங்க?"

"எந்த வளைவு?"

"தண்ணி தங்குற வளைவு. அது நின்னாத்தான் கீழ இருக்கிற காத்து மேல வராது. ஒரு வளைவு வெக்காம ஷவர் கட்டியிருக்கீங்களே, உங்கள என்ன சொல்றது!"

"இது எங்கப்பா சாவ்னாவுக்குப் போட்ட வடிகால்டா. ஒரு நாளும் அடைச்சதில்ல."

அலட்சியத்துக்கு அனுபவம் என்று பெயர் சூட்டிக்கொள்ளும் ஆண்கள் அந்த மலைச்சரிவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தனர். தந்தை கட்டிய சாவ்னாவை, அந்த நீராவிக் குளியலறையை, ரெய்னோ பலகை பலகையாகப் பெயர்த்தெறிந்தான். அதன் வடிகாலை மட்டும் தொடவில்லை. தரையை உடைக்கும் வேலை மிச்சம் என்பதே காரணம்.

"எப்படி அடைக்கும்? எங்கயாவது போய்ச் சேர்ந்தாத்தானே!" என்றான் டேல். "எங்க போகுதுன்னாவது தெரியுமா?"

"கீழ."

"கீழன்னா?"

"பழைய செம்புச் சுரங்கத்துக்குத்தான். இந்த ஊர்ல எல்லாம் அங்கதான் போச்சு. ஆளுங்களும் போனாங்க, பல பேரு திரும்பி வரல." ரெய்னோ ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்தான். "சனிக்கிழமை எல்லாரும் குளிச்சு முடிச்சதும் அப்பா ஒரு வாளி வெந்நீரத் தனியா ஊத்துவாரு. கீழ இருக்கிறவங்களுக்கும் இன்னைக்குச் சனிக்கிழமைதானேம்பாரு."

"அவர் போனப்புறம்?"

"யாரு ஊத்துறா? அழுக்கோட கெடக்கட்டும்."

"அத்தை, உங்களுக்குக் குளிக்கக் கூட்டாளிங்க இருக்காங்க," என்று சிரித்தபடி எழுந்தான் டேல். "திங்கக்கிழமை வந்து தரைய உடைச்சு வளைவு வெக்கிறேன். அதுவரைக்கும் இங்க குளிக்க வேணாம்."

திங்கட்கிழமை என்றதும் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். டேலின் வண்டி பனியில் உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியதுதான் தாமதம், ரெய்னோ வெந்நீரைத் திறந்தான்.

நீராவி கூரைவரை எழுந்து, பனி மூடிய சிறு சன்னலின் சாம்பல் வெளிச்சத்தை மேலும் மங்கச் செய்தது. புதுச் சுண்ணத்தின் மணமும் சோப்பின் மணமும் கலந்த அந்த வெதுவெதுப்பில், மாதக்கணக்கில் ஈரத்துணியால் மட்டுமே துடைக்கப்பட்டு வந்த தன் உடல்மீது வெந்நீர் வழிவதை எல்மா கண்மூடி அனுபவித்தாள். அப்போதுதான் வேறொரு மணம் வந்தது. ஊறிய மரம், துருவேறிய இரும்பு, அந்நாளில் சுரங்கத்தார் ஏற்றிய கொழுப்பு மெழுகுவத்தி அணைந்த வாடை. வெளியே கடுங்குளிர், அடியிலிருந்தோ இளஞ்சூடான காற்று வந்து அவளது வலக் கணுக்காலைத் தொட்டது. நின்றது. மீண்டும் வந்தது. சீராக வந்தது.

"ரெய்னோ, காத்து வருது."

"வரும். வளைவு இல்லல்ல. திங்கக்கிழமை வெச்சுடுவான்."

மேலே தொலைபேசி ஒலித்தது. "மார்லாதான்," என்று ரெய்னோ நாற்காலிச் சக்கரங்களுக்குத் தடை போட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி படியேறினான்.

நீர் பொழிந்துகொண்டேயிருந்தது. அவளுடைய இடக் கால் மிதியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, சரிவின் அடியில், வடிகால் மூடிக்கு அருகில் கிடந்தது. அதைத் தூக்கிவைக்க அவளால் இயலவில்லை. வலக் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை.

அப்போது, ஆழத்தில், அந்த வடிகால் ஒரு மிடறு விழுங்கியது.

எல்மா நிம்மதியடைய விரும்பினாள். வடிகால் என்றால் ஒலிக்கத்தானே வேண்டும்? ஆனால் அடுத்த மிடறு சற்று மேலே கேட்டது. அதற்கடுத்தது இன்னும் மேலே. ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். பிறகு தரையடியில் ஏதோ உரசி நின்றது.

மூடியின் திருகாணிகளுள் ஒன்று திரும்பியது.

நீர் பட்டு மின்னுகிறது என்று எண்ணினாள். மீண்டும் திரும்பியது. மெல்ல உயர்ந்தது. தலை சாய்ந்தது. விழுந்து உருண்டது. இரண்டாவது திரும்பத் தொடங்கியது.

"எல்மா!" படியின் உச்சியிலிருந்து ரெய்னோவின் குரல். "மார்லா கேக்குறா, குளியல் எப்படி இருக்குன்னு! அவளுக்குக் கேக்குற மாதிரி கத்திச் சொல்லு!"

அவள் வாய் திறந்தாள். வடிகாலில் யாரோ இருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். திங்கட்கிழமை அந்தப் படுக்கை. அத்துடன், உண்மையிலேயே இது மூளையின் வேலையாக இருந்தால்? கட்டிலுக்கடியில் அன்று யாரும் இல்லையே. இல்லைதானே?

"நல்லாத்தான் இருக்கு!"

"கேட்டியா மார்லா? நான் சொல்லல?" அவன் சிரிப்பு மேலே வீட்டுக்குள் நகர்ந்தது. "எல்மா, சூடு வெளிய போகுது, மேல்கதவச் சாத்துறேன். பத்து நிமிஷத்துல வந்துடுறேன்!"

கதவு சாத்தப்பட்டது.

மூடி உயர்ந்தது. பக்கவாட்டில், ஓசையின்றி, பதவிசாக வைக்கப்பட்டது. துளையிலிருந்து விரல்கள் வந்தன. வெளுத்தவை. நீரில் நெடுங்காலம் ஊறிச் சுருங்கியவை. அவை அவளுடைய இடப் பாதத்தைப் பற்றின, குதிகாலைத் தேய்த்தன, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவின. கண் பார்த்தது. கால் அறியவில்லை.

அவள் கத்த முயன்றாள். காற்றுதான் வந்தது. நாவின் பாதி ஏற்கெனவே எழாதது. இப்போது அச்சத்தில் மறுபாதியும் எழ மறுத்தது.

கழுவி முடிந்ததும் பாதம் இழுபட்டது. துளை கையகலம்தான். பாதம் அதற்குள் போயிற்று. ஏதோ முறிந்தது. வலியில்லை. ஓரத்தில் நீர் சிவந்தது, வடிந்தது, தெளிந்தது. கணுக்கால் போயிற்று. வலியில்லை.

இழுப்பு நின்றது.

கெண்டைக்காலருகே மிஞ்சிய இடுக்கின் வழியே இன்னொரு கை நெளிந்து மேலே வந்தது. சிறியது; முதற்கையைக் காட்டிலும் இளையது. அது தரையைத் தடவிச் சென்று, உணர்வுள்ள அவளது வலக் காலுக்கு எதிரே, அதையும் கழுவக் கேட்பதுபோல், உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது.