எல்லாக் கதவையும் திறந்தவள்

லேப்டாப்பின் விசிறி மறுபடியும் இரைந்தது. கேமராப் படம் தெரியும் இணையப் பக்கத்தை யாராவது திறந்து பார்த்தால்தான் அது அப்படி இரையும். ஆனால் அந்தப் பக்கத்தின் முகவரியை அவள் இன்னும் தம்பிக்கே அனுப்பவில்லை.

நாளெல்லாம் சலவைக்கூடத்தில் நின்று, சோப்பு நாற்றம் மேலெல்லாம் ஏறி வீடு திரும்புகிறவளுக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையா? படுத்த படுக்கையான அம்மாவை வெளிநாட்டிலிருக்கும் தம்பி நினைத்த நேரம் பார்க்க வேண்டுமாம். அதற்காகக் கட்டிலுக்கு எதிரே தூரத்திலிருந்தே பேசவும் திருப்பவும் முடிகிற கேமரா ஒன்றை மாட்டி, பழைய லேப்டாப்பை சர்வராக்கி, அது வெளியிலிருந்து தெரிவதற்காக மல்லுக்கட்டியதில் போதும் போதும் என்றாகிவிட்டது. "ரவுட்டர்ல நான் சொன்ன போர்ட்டை, அந்த ஒரு வாசலை மட்டும் திறந்து விடுக்கா, வேற எதையும் தொடாதே" என்றிருந்தான். அந்த ஒன்று திறந்து தொலையவில்லை. நேற்று அலுத்துப்போய், எல்லா வாசலையும் திறந்து, வருவதையெல்லாம் உள்ளே விடும்படி மாற்றிவிட்டுப் படுத்துவிட்டாள். பாஸ்வேர்டைக்கூட மாற்றவில்லை. ஒரு கிழவியையும் கட்டிலையும் பார்க்க யார் வரப்போகிறார்கள்!

"தம்பி பேசினான்டி" என்றாள் அம்மா, தைலம் மணக்கும் போர்வைக்குள்ளிருந்து. "நீ எப்ப வீட்டுக்கு வருவேன்னு கேட்டான்."

அம்மாவுக்கு இப்போதெல்லாம் நினைவு தடுமாறும். இருந்தாலும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"லிங்க்கே நீ அனுப்பலையேக்கா. வெளிய போய் மொபைல் டேட்டால திறந்து பாரு. வீட்டு வைஃபைல பாத்தா வெளியில தெரியுதான்னு புரியாது."

கதவைப் பூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். தெருவில் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்து, எரியும் கண்களைக் கசக்கியபடி முகவரியைத் தட்டினாள். திறந்தது. அம்மா, கட்டில், மங்கிய விளக்கு. அப்பாடா என்றிருந்தது.

படம் மெல்ல நகர்ந்தது. கேமராவை யாரோ திருப்பினார்கள். கட்டிலை விட்டு, சுவரைக் கடந்து, வாசல் கதவில் போய் நின்றது.

"அம்மா, நான்தாம்மா. சாவியை மறந்துட்டேன். எந்திரிச்சு வந்து திற."

போனில் கேட்டது அவளுடைய குரல். சாவி அவள் கையில்தான் இருந்தது.

"தோ வரேன்டி."

எத்தனையோ மாதமாகத் தரையில் படாத பாதங்கள் தரையில் இழுபடும் சத்தம். ஓடினாள். படிகள் முடியவே இல்லை. கையில் போன். போனில் கதவு திறந்தது. வாசலில் கும்மிருட்டு. அம்மா சிரித்தபடி ஒதுங்கி வழிவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

மேலே வந்து சாவியைத் திருகினாள். பூட்டு திறந்தது. கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இடித்தாள்.

"அம்மா! அம்மா!"

"யாருடி அது வெளியில?" உள்ளே அம்மா கேட்டாள்.

"யாருமில்லம்மா. நீ படு."

சோர்ந்த, அலுத்த, அன்பான குரல். அவளுடையதேதான்.