மடி கனத்த குதிரைகள்

ஓயுனா கையை நீட்டிக் காட்டிய திசையில் ஒன்றுமே இல்லை. புல் இருந்தது, புல்லுக்கு மேல் வானம் இருந்தது, அவ்வளவுதான். அந்த ஒன்றுமில்லாத இடத்துக்குள் இன்றைக்கு அறுபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று அவள் சொன்னதும், கோகிலவாணி தண்ணீர் பாட்டிலை இன்னொரு முறை நிரப்பிக்கொண்டாள்.

மங்கோலியாவுக்கு வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி மங்கோலியா போகிறாள் என்றதும் ஊரே கூடி, கோபியிலிருந்து கோபிக்கா என்று கேலி செய்தது. கோபிப் பாலைவனம் இன்னும் தெற்கே இருக்கிறது, நாங்கள் போவது புல்வெளிக்கு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. இருபத்தெட்டு வயது, பால் சொசைட்டியில் கொழுப்பு அளவு பார்க்கும் வேலை, ஞாயிறு தவறாமல் சைக்கிள். கூட வந்திருந்தவன் அவளுடைய சித்தப்பா மகன் குமரகுருபரன். வீட்டில் குமரு. சைக்கிளைவிட சைக்கிளில் மாட்டும் கருவிகள்மேல்தான் அவனுக்கு ஆசை. வழிகாட்டியான ஓயுனா இதே புல்வெளியில் பிறந்தவள். பதினோரு வருஷமாக வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துப் போவதுதான் அவளுக்குப் பிழைப்பு. அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமும் இவர்களுக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் பேச்சில் யாருக்கும் கூச்சம் இல்லை.

சாமான் வண்டி ஆற்று வெள்ளத்தால் சுற்றிக்கொண்டு நாளைக்குத்தான் வந்து சேரும். இன்றைக்கு ராத்தங்கல் ஓயுனாவின் நாத்தனார் நாரா வீட்டில். வீடு என்றால் கெர் எனப்படும் வெள்ளைக் கம்பளிக் கூடாரம். பத்து நாளைக்கு முன்பு ஓயுனா அங்கே போயிருந்தபோது அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தாள். குமரு அதைத் தன் ஜி.பி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்றான்.

கண்ணை மூட யாருக்கு மனம் வரும்? முதல் மேட்டில் ஏறி நின்றபோது கோகிலவாணிக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. மேட்டுக்குப் பின்னால் மேடு, அதற்குப் பின்னால் மேடு, எங்கேயும் ஒரு மரம் இல்லை, வேலி இல்லை, கரண்ட் கம்பம் இல்லை. மேகத்தின் நிழல் ஒரு தாலுகா அகலத்துக்குப் புல்லின்மேல் நகர்ந்து போனது. அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் எங்கே திரும்பினாலும் ஏதாவது ஒன்று பார்வையை மறிக்கும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருந்தது. சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியாமல் அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பதினோரு மணி சுமாருக்கு விபத்து நடந்தது. மர்மோட் என்று ஒரு பிராணி, கொழுத்த கீரிப்பிள்ளை அளவு இருக்கும். அது தோண்டிய வளை புல்லுக்குள் மறைந்து கிடந்தது. முன்னால் இறக்கத்தில் வேகமாகப் போன ஓயுனாவின் முன்சக்கரம் அதில் இறங்க, அவள் தூக்கி எறியப்பட்டாள். இருவரும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. இடுப்புப் பையில் இருந்த சாட்டிலைட் போன் அவளுக்கு அடியில் சிக்கி இரண்டு துண்டாகியிருந்தது.

ஓயுனா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலணியைக் கழற்றச் சொன்னாள். பாதம் வெளுத்துப்போய், தொட்டால் சில்லென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது. உடைந்த எலும்பு ரத்தக் குழாயை அழுத்துகிறது, ஐந்தாறு மணி நேரத்துக்குள் எலும்பை நேராக்காவிட்டால் பாதம் செத்துவிடும் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். நாரா எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவள். சுற்றுவட்டாரத்தில் கீழே விழுந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் தேடி வருவார்கள். அவளிடம் லாரியும் இருக்கிறது. எப்படியாவது அவளைக் கூட்டி வர வேண்டும்.

கருவியில் பார்த்தால் இன்னும் பதினாறு கிலோமீட்டர். ஓயுனாவைத் தூக்கிச் சாய்த்து வைக்கவும், வெயிலுக்கும் மழைக்கும் மறைப்புக் கட்டவும் பலம் வேண்டும் என்பதால் குமரு இருப்பதென்றும், மேடேறுவதில் கெட்டிக்காரியான கோகிலவாணி போவதென்றும் முடிவானது. குமரு கருவியைக் கழற்றி அவள் சைக்கிளில் மாட்டினான். இந்த இடத்தையும் மறக்காமல் குறித்துக் கொடுத்தான்.

"அக்கா, சூதானமா போ. சந்தேகமா இருந்தா இருக்கறதுலயே ஆழமான வண்டித் தடத்தப் புடிச்சிக்க."

"நீ அவங்க கூடப் பேசிக்கிட்டே இரு. தூங்க உட்ராத."

அவள் மிதித்தாள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள், இறக்கத்தில் வளை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மிதித்தாள். காற்று எதிரே நின்று தள்ளியது. கால் மணிக்கு ஒரு தரம் கருவியைப் பார்த்தாள். எட்டு கிலோமீட்டர். ஐந்து. இரண்டு. கடைசி மேட்டில் ஏறினால் வெள்ளைக் கூடாரம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை. கருவி பீப் என்று அழகாக ஒலி எழுப்பி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. கோகிலவாணி நின்ற இடத்தில் பச்சைப் புல்லுக்கு நடுவே வெளிறிப்போன ஒரு பெரிய வட்டம் இருந்தது. பக்கத்தில் கொஞ்சம் சாம்பல், காய்ந்த சாணம். கூடாரம் நின்ற இடம் அது. புல் தீர்ந்ததும் வீட்டையே கழற்றி ஏற்றிக்கொண்டு வேறு புல்லுக்குப் போய்விட்டார்கள். நடமாடுகிற வீட்டுக்குப் போய் முளையடித்த மாதிரி ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தோமே என்று அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வட்டத்திலிருந்து நாலா பக்கமும் தடங்கள் பிரிந்தன. நாரா என்று கத்திப் பார்த்தாள். குரல் எங்கேயும் முட்டித் திரும்பவில்லை, அப்படியே போய்விட்டது. காலையில் வாய் பிளந்து பார்த்த அதே வெட்டவெளி இப்போது அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் படுத்துக் கிடந்தது. தான் எவ்வளவு சின்னவள் என்பது அவளுக்கு உடம்பெல்லாம் தெரிந்தது. மணி ஒன்றரை. குமரு சொன்னபடி ஆழமான தடத்தைப் பிடித்துக் கிழக்கே கிளம்பினாள்.

ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டாள், வானம் கறுத்தது. இடி இறங்குவதைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பள்ளத்தில் ஓடிப்போய்க் குந்தினாள். ஆலங்கட்டி மழை! கோலிக்குண்டு அளவில் ஹெல்மெட்டின்மேல் படபடவென்று விழுந்தது. பத்தே நிமிஷத்தில் புல்வெளி வெள்ளை வெளேரென்று ஆகி, வெயில் வந்து, மொத்தமும் மின்ன ஆரம்பித்தது. இந்தப் பதற்றத்திலும் அந்த அழகு அவளைப் பிடித்து நிறுத்தியது. அப்படி நின்றபோதுதான் குதிரைகளைப் பார்த்தாள்.

நாற்பது ஐம்பது இருக்கும். கட்டும் இல்லை, மேய்ப்பவரும் இல்லை. முதுகிலிருந்து ஆவி பறக்க, காற்றுக்கு முதுகு காட்டி நின்றவை மழை விட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. பிடரி மயிரில் ஆலங்கட்டி ஒட்டிக்கொண்டு மணி மணியாக மின்னியது. இத்தனை குதிரைகள் இத்தனை அமைதியாகத் தன்னைக் கடந்து போவதை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கை எடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அப்புறம் அவள் கண் தானாகவே மடிக்குப் போனது. சொசைட்டியில் எட்டு வருஷம் மாடும் பாலுமாகப் பழகிய கண், விடுமா? முன்னால் போன செம்பழுப்புக் குதிரைக்கு மடி புடைத்து, காம்பில் பால் துளித்துக்கொண்டிருந்தது. அடுத்ததற்கும் அப்படித்தான். பால் கனத்த தாய்க் குதிரைகள் இத்தனை இருக்கின்றன, ஒரு குட்டிகூடப் பக்கத்தில் இல்லை. அப்படியானால் குட்டிகள் எங்கேயோ கட்டிக் கிடக்கின்றன. கட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள். கன்றை வீட்டில் கட்டிப்போட்டு மாட்டை மேய விட்டால், மடி கனத்ததும் மாடு எந்தப் பக்கம் நடக்கும் என்று யாராவது அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

ஆனால் அவை போனது வடமேற்கே. ஆழமான தடமோ கிழக்கே போனது. அந்தப் பக்கம் கோடு மாதிரிகூட ஒரு பாதை இல்லை. தப்பாகப் போனால் திரும்பி வர நேரம் கிடையாது, ஓயுனாவின் பாதம் போய்விடும். சைக்கிள் மிதித்துப் பிழைக்கிறவளுக்குப் பாதம் போனால் என்ன மிச்சம்? கடைசியாக வண்டித் தடத்தின் பேச்சைவிட மடியின் பேச்சை நம்புவதென்று தீர்மானித்து, தடத்தை விட்டுப் புல்லுக்குள் சக்கரத்தைத் திருப்பினாள்.

முதலில் குதிரைகள் நடந்தன, அவளும் கூடவே போனாள். பிறகு அவை பெருநடையில் ஓடத் தொடங்கின. சதுப்பு ஒன்று வந்தது. அவை சளக் சளக்கென்று கடந்துவிட்டன. இவள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். ஒரு காலணி சேற்றோடு போனது, போகட்டும் என்று விட்டுவிட்டாள். கரையேறியபோது ஒரு குதிரையும் கண்ணில் இல்லை. ஆலங்கட்டி கரைந்த ஈரப் புல்லில் குளம்படி மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மேடேறினாள். தொடை எரிந்தது. மூச்சு நெஞ்சைக் கிழித்தது. மேட்டு உச்சிக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது, மறுபக்கத்திலிருந்து மெல்லிய, கீச்சுக் குரலில் ஒரு கனைப்புக் கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. குட்டிகள்!

கீழே தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய நீளக் கயிற்றில் வரிசையாகக் குதிரைக்குட்டிகள். தாய்கள் ஒவ்வொன்றும் தன் குட்டியைத் தேடிப் பிடித்து முகர்ந்துகொண்டிருந்தன. அதற்குப் பின்னால் இரண்டு வெள்ளைக் கூடாரம், ஒரு நீல லாரி. ஒரு பெண் முழங்காலில் வாளியை வைத்துப் பால் கறந்துகொண்டிருந்தாள். கோகிலவாணி அழுதுகொண்டே இறக்கத்தில் பாய்ந்தாள்.

கூடவே இரண்டு கரிய நாய்களும் அவளை நோக்கிப் பாய்ந்தன. கூடாரத்தை நெருங்கும்போது, நாயைப் பிடியுங்கள் என்று கூவ வேண்டும், அதுதான் இங்கே கதவு தட்டுவது மாதிரி என்று ஓயுனா முதல் நாளே அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவசரத்தில் அது நாக்குக்கு வரவில்லை.

"நாயப் புடிங்க! அட, நாயப் புடிங்க!"

எந்தப் பாஷையாக இருந்தால் என்ன, அந்த நேரத்தில் ஒரு மனுஷி வேறு எதைக் கத்துவாள்? பால் கறந்தவள் ஒரு அதட்டுப் போட, நாய்கள் படுத்துவிட்டன. நாரா என்று கேட்டதும் அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். ஓயுனா என்று பெயரைச் சொல்லி, தரையில் விழுந்து காட்டி, காலைப் பிடித்துத் திருகிக் காட்டினாள் கோகிலவாணி. நாரா வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தாள். வேண்டியதை எடுத்துக்கொண்டாள்: கம்பளித் துணி, நான்கு மரப்பட்டை, லாரிச் சாவி. அவள் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பும் இடைவெளியில் ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பாலைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். சொசைட்டிக்கு வந்திருந்தால் அந்தப் பாலை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள். இப்போது ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

திரும்பும் வழிக்குக் குமரு குறித்துக் கொடுத்த புள்ளி உதவியது. மணி நாலு ஆகும்போது லாரி அங்கே போய் நின்றது. மறைப்புத் துணிக்கு அடியில் குமரு, அம்மாபாளையம் தேர்த் திருவிழாவைப் பற்றித் தமிழிலேயே ஓயுனாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆங்கிலம் தீர்ந்துபோய் வெகுநேரமாகிவிட்டதாம்.

நாரா காலைத் தடவிப் பார்த்தாள். குமருவைத் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே இழுப்பு. அதுவரை அழாத ஓயுனாவின் அலறல் புல்வெளி முழுக்கப் போனது. பட்டை வைத்துக் கட்டிய பிறகு நாரா சூடு திரும்புகிறதா என்று பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், லாரியின் பின்புறம் சைக்கிள்களோடு உட்கார்ந்திருந்த குமரு, கூடாரமே இல்லாத இடத்தில் கோகிலவாணி எப்படித்தான் வழி கண்டுபிடித்தாள் என்று கேட்டான். அவன் குரலில் அப்படி ஒரு மரியாதையை அவள் இதுவரை கேட்டதில்லை.

"நா எங்கடா கண்டுபுடிச்சேன்? அதுக வூட்டுக்குப் போச்சு. நா பின்னாலயே போனேன்."

மறுநாள் காலையில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். எலும்பு நேராக இருக்கிறது, கட்டியவர் கைக்காரர் என்றார். பிறகு ஓயுனாவிடம் கால் விரலை அசைக்கச் சொன்னார். எல்லோரும் அந்தப் பாதத்தையே பார்த்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் பெருவிரல் மெல்லத் தலையாட்டியது. நாரா சத்தமாகச் சிரித்தாள். கோகிலவாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று விம்மி விம்மி அழுதாள்.