வைத்துப் பார்த்த ரேடியேட்டர்

போன் அலறியது!

கெலிஓயாவில், தன் ரேடியேட்டர் கடைக் கதிரையில் சரிந்து கிடந்த மஹ்ரூப் அலுப்போடு எடுத்தார். மகள் பஸ்லினா.

"வாப்பா... இன்டைக்கும் அவருக்குப் பிணை இல்லையாம்..."

"அழாதீங்க மகள். லோயரோட பேசறேன்."

ஐந்து நாளாக இதே பேச்சு.

போன புதன்கிழமை மாலை, மழை விட்ட கையோடு, ஹந்தானை ரோட்டில் கிருஷ்ணராஜ் என்ற கடைக்காரர் செத்துக் கிடந்தார். மோதிய வாகனம் நிற்கவில்லை. அந்தப் பக்கமாக வேன் ஓட்டிப் போன பாவத்துக்கு மருமகன் அஷ்பாக் உள்ளே!

பொலிஸ் முதலில் சந்தேகப்பட்டது கிருஷ்ணராஜின் கூட்டு வியாபாரி செல்லச்சாமியைத்தான். இருவரும் கடைக்காக வெட்டுக்குத்து வரை போனவர்கள். ஆனால் செல்லச்சாமியின் பழைய சன்னி காரில் ரேடியேட்டரே இல்லை. கழற்றி இரண்டு வாரம்!

'செல்லச்சாமி இன்னும் வேறு ரேடியேட்டர் வாங்கவில்லை' என்று பொலிசிடம் சாட்சி சொன்னதே மஹ்ரூப்தான்.

"மஹ்ரூப் நானா..."

வாசலில் செல்லச்சாமி. நான்காவது தடவை! மஹ்ரூபுக்கு எரிச்சல்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

"என்ன, இன்டைக்காவது முடிவா?"

"மனசு ஒரு நிலைக்கு வர மாட்டேங்குது நானா. பித்தளையா, அலுமினியமா, ஜப்பான் பழசா?"

"மூணு தரம் சொல்லிட்டேன். பித்தளை பாரம், விலையும் கூட. ஓட்டை விழுந்தா ஈயம் வச்சு ஒட்டலாம். அலுமினியம் லேசு, மலிவு. ஆனா மேல உள்ள பிளாஸ்டிக் வெடிச்சா வீசத்தான் வேணும். ஜப்பான் பழசு... அது உங்க நசீபு, நல்லதும் வரும், ஓட்டையும் வரும்."

"அன்னைக்குக் கொண்டுபோனேனே, அந்த அலுமினியம்?"

"பொருந்தல்லன்டு நீங்கதானே திருப்பித் தந்தீங்க!"

மஹ்ரூப் கடை வழக்கம் அது. பழைய கார் என்றால், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம். பில் கிடையாது. சரிவராவிட்டால் திருப்பித் தரலாம். அதைப் போய் பொலிசிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மூலையில் கிடந்த அந்த அலுமினியத்தை இழுத்தார். அஷ்பாக்கைப் பிடித்த வியாழக்கிழமை திரும்பி வந்தது. அன்றிருந்த கலவரத்தில் யார் பார்த்தார்கள்?

செல்லச்சாமி அந்தப் பக்கம் ஜப்பான் பழசுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மஹ்ரூப் சாய்த்தார்.

பச்சைத் தண்ணீர் சளக்கென்று காலில் கொட்டியது!

கூலண்ட், என்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர்! புது ரேடியேட்டர் காய்ந்தல்லவா இருக்கும்?

முன்பக்கத்தைத் திருப்பினார். தகடுகளின் இடுக்கில்... மழை விட்டால் பறக்கும் ஈசல்! சிறகும் உடம்புமாக நசுங்கி அப்பிக் கிடந்தன. நிற்கிற காரில் ஈசல் இப்படி அப்பாது.

செவ்வாய் கடையை விட்டுப் போனது... வியாழன் திரும்பி வந்தது... நடுவில் புதன்!

மஹ்ரூபுக்கு விளங்கியது. மகளை ஐந்து நாள் அழ வைத்தது தன்னுடைய வாயேதான்!

குரலை மட்டும் மாற்றவில்லை.

"பிளேன்டீ குடிச்சிட்டு ஆறுதலா யோசிங்க செல்லச்சாமி. உள்ளுக்கு இன்னொன்டு ஈக்கி. கொண்டு வாறேன்."

பிளேன்டீக் கோப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், போனை எடுத்தார்.

யோசிப்பதாக நடிக்கிறவன் எப்படி எழுந்து போவான்? செல்லச்சாமி ரேடியேட்டர்களைத் தடவிக்கொண்டே இருந்தான். இருபது நிமிடம்!

ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர் சுபாஜினி இறங்கினாள். மஹ்ரூப் காட்டிய ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"கார் ஓடவே இல்லைன்னீங்க?"

"ஓடல மேடம்! லீக் இருக்கான்னு பாக்கத் தண்ணி ஊத்துனேன்..."

"ஈசலையும் ஊத்துனீங்களா?"

செல்லச்சாமியின் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது.

"ரேடியேட்டர் இல்லாத காரை... யாரு சந்தேகப்படுவாங்கன்னு நெனச்சேன்..."

அவன் கையில் விலங்கு விழுந்தது.

சுபாஜினி பெருமூச்சு விட்டாள். "முதலாளி, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"வச்சுப் பாக்கக் குடுக்கிறத யாவாரம்னு யாரு மேடம் நினைக்கிறது?"

மஹ்ரூப் மகளுக்குப் போன் போட்டார். "மகள்... மருமகன் வந்துருவார்." கண் கலங்கிவிட்டது.

ஜீப்பில் ஏறப் போன சுபாஜினி திரும்பினாள்.

"எங்க வீட்டுப் பழைய காரும் சூடாகுது முதலாளி. பித்தளையா, அலுமினியமா?"

மஹ்ரூப் களைத்துப் போய்க் கதிரையில் சாய்ந்தார். விலங்கோடு நின்றவனைக் கை காட்டினார்.

"அவர்ட்ட கேளுங்க மேடம்... அலுமினியத்தப் போட்டு ஹந்தானை ஏத்தம் ஏறிப் பாத்தவர் அவர்தான்!"