கட்டினவன் கொடுத்து வைத்தவன்

"நில்லுங்க அண்ணி!"

காலை எட்டு மணி. செருப்பில் கால் நுழைத்தவள் திரும்பினாள். மாடிப்படியில் கொழுந்தன் நின்றிருந்தான்.

"அண்ணனைக் கொண்டுபோய்க் காப்பகத்துல தள்ளியாச்சு... இப்ப தினமும் சீவி சிங்காரிச்சுக்கிட்டுப் பாடப் போறீங்களாம்! ஊரே சிரிக்குது அண்ணி!"

அவள் மருமகளாக வந்தபோது இவனுக்கு ஒன்பது வயது, தாயில்லாப் பிள்ளை. அவனை மடியில் போட்டு வளர்த்ததில் பாட்டு வகுப்பு, மேடை எல்லாம் நின்றுபோயின. கணவரும் ஒரு நாளாவது "ஏன் பாடறதில்லை?" என்று கேட்டவரில்லை.

மறதி நோய் முற்றிய பிறகு அவர் இரண்டு முறை வீட்டை விட்டு நடந்துபோய், லாரிக்கு முன்னால் நின்றார். அதற்குப் பிறகுதான் காப்பகம்.

"அஞ்சு மாசமாச்சு. ஒரு தடவையாவது வந்து பார்த்தியா?" என்றாள்.

"என்னை யாருன்னு கேட்டாரே அண்ணி... எப்படி வருவேன்?" அவன் குரல் உடைந்தது.

"என்னையும்தான் கேட்டார். அதுக்காக நான் போகாம இருந்தேனா? கிளம்பு!"

காப்பகக் கூடத்தில் பதினான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மூதாட்டி போர்வை நுனியைக் கசக்கியபடி, "வீட்டுக்குப் போகணும்... வீட்டுக்குப் போகணும்..." என்று அழுதுகொண்டிருந்தாள். அண்ணி அவள் எதிரே மண்டியிட்டு, கையைப் பற்றி, மெல்ல ஒரு ஜெபப் பாடலைத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் அழுகை நின்றது. மூன்றாவதில் மூதாட்டியே பாடினாள், ஒரு சொல் பிசகாமல்!

கொழுந்தன் பக்கத்திலிருந்த நர்ஸிடம் திரும்பினான்.

"இது எங்க அண்ணிக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல இந்தச் சாமி கிடையாதே!"

நர்ஸ் சிரித்தாள். "எல்லார் வீட்டுக்கும் போன் பண்ணி, சின்ன வயசுல என்ன சொல்லிக் கும்பிட்டாங்கன்னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டாங்க. எந்த மதமானாலும் சரி. போன வாரம் ஒரு பெரியவர் கடைசி மூச்சு விட்டப்போகூட, அவரோட பிரார்த்தனையை இவங்கதான் காதுல பாடினாங்க. முகத்துல அவ்வளவு நிம்மதி சார்!"

ஜன்னலோரம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அண்ணன், தம்பியை அருகே அழைத்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா? உட்காருங்க. இந்தம்மா பாட்டைக் கேளுங்க! எந்த மகராசி பெத்த பொண்ணோ... இவங்களைக் கட்டினவன் கொடுத்து வச்சவன்!"

பாட்டு நின்றது. முப்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வராத சொல்! அவள் கண்கள் நிறைந்தன. ஆனாலும் தலை நிமிர்ந்தே இருந்தது.

"அண்ணி..." தம்பி ஓடிவந்து அவள் கால்களைக் கட்டிக்கொண்டான். "பாவி நான்! வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!"

"எழுந்திருடா." அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். "வளர்த்தவகிட்டதானே பேசின... விடு."

"என்னம்மா இது!" அண்ணன் அதட்டினார். "நல்லாப் போயிட்டிருந்த பாட்டை நிறுத்திட்டீங்களே! அந்தத் தம்பி ஓரமா உட்கார்ந்து அழட்டும். நீங்க பாடுங்க!"

கொழுந்தன் அழுகையினூடே சிரித்துவிட்டான்.

அவள் கண்ணைத் துடைத்தாள், தொண்டையைச் செருமினாள். இம்முறை கூடம் முழுவதும் கேட்கும்படி, உரத்த குரலில் பாடினாள்.