எட்டுப் பக்க வயலின்

சனிக்கிழமை, பிற்பகல் 3.50. பிரிக்ஃபீல்ட்ஸில், கன்னையாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி. பழைய இசைத்தட்டுச் சங்கத்தின் தலைவர் முத்துக்குமாரு ஆல்பத்தைத் திறந்தார். நான்கு உறைகளில் ஒன்று காலி. அவர் போட்ட சத்தத்தில் கீழே பரோட்டா தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

4.25. முத்துக்குமாருவின் தங்கை மகள் ஷாமினி கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்தாள். கார் காப்புறுதி நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பவள். சும்மா நின்ற காரைத்தான் வந்து இடித்தார்கள் என்று சத்தியம் செய்பவர்களை வாரத்துக்குப் பத்துப் பேரையாவது பார்க்கிறவள். இசை ஞானம் கிடையாது. காது மட்டும் கூர்மை.

"பரோக் காலத்து இசை, பிள்ளை. பக்கவாத்தியம் இல்லாம ஒத்தை வயலின். 1936ல லண்டன்ல பதிஞ்சது," என்றார் முத்துக்குமாரு. "ஒரு பக்கம் நாலு நிமிஷம்தான் ஓடும். அதனால ஒரே இசைக்கு எட்டுப் பக்கம், நாலு தட்டு. ரெண்டாவது தட்டைக் காணோம்."

"யாரு எடுத்தா?"

"டீ கொண்டாந்தவன்!" என்றார்கள் உறுப்பினர்கள் ஆறு பேரும். வேறு எதிலும் அவர்கள் ஒத்துப்போனதாகச் சங்கத்தில் பதிவு இல்லை.

முகமது யூசுப் ராமநாதபுரத்துக்காரர். நாற்பது வயது. கீழ்க்கடையில் டீ போடுபவர். அவருடைய சட்டைப்பை முதல் டீ பிளாஸ்க் வரை சோதித்தாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய இசைத்தட்டு பிளாஸ்க்குக்குள் எப்படிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மணிக்குள் தட்டு கிடைக்காவிட்டால் வேலைக்கு ஆள் கொண்டுவந்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டு யூசுப்பின் வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிடுவதாகக் கன்னையா சொல்லியிருந்தார்.

"எத்தனை மணிக்கு மேல வந்தீங்க?" ஷாமினி கேட்டாள்.

"மூன்றரைக்கு மேடம். உள்ள யாருமில்ல. டீய வச்சிட்டு எறங்கிட்டேன்."

"ஆல்பம்?"

"தொட்டதே இல்ல. வந்து எட்டு மாசம்தான் ஆவுது மேடம். இப்பத் திருப்பி அனுப்பிட்டா மறுபடி வர விடமாட்டாங்க."

அடுத்து சங்கச் செயலாளர் கிருஷாந்த். எலும்பு மருத்துவர். முத்துக்குமாரு பல் பிடுங்கப் போயிருந்ததால் இன்று சாவி அவரிடம். மடிக்கணினிப் பையைத் தோளைவிட்டு இறக்காமலே உட்கார்ந்தார்.

"மூணுலேர்ந்து மூன்றரை வரைக்கும் எங்க இருந்தீங்க டாக்டர்?"

"இங்கதான். தனியா உட்கார்ந்து கேட்டேன். மொத தட்டைப் போட்டேன், முதல் பக்கம் முடிஞ்சது. அதையே திருப்பிப் போட்டு ரெண்டாம் பக்கம் கேட்டேன். அங்கதான் அந்த ஒத்தை வயலின் ரெண்டு குரல்ல பேசும். திரும்ப எடுத்து வச்சப்ப நாலு தட்டும் இருந்துச்சு. போன் பேச வெளிய போனேன், அவன் வந்தான். சிம்பிள் லா."

"உங்க பையைப் பாத்தாங்களா?"

"நான் டாக்டர்மா."

சங்கத்தில் ஒரு விதி உண்டு. தட்டைத் தொடும் உரிமை முத்துக்குமாருக்கு மட்டுமே. மற்றவர்கள் கண்ணை மூடித்தான் கேட்க வேண்டும். திறந்தவருக்கு அன்று வடை கிடையாது. பத்தொன்பது வருடமாக யாரும் வடையை இழந்ததில்லை.

5.05. மிஞ்சிய மூன்று தட்டுகளையும் ஷாமினி மேசையில் பரப்பினாள். நடுவிலிருந்த லேபிள்களில் பக்க எண்கள். முதல் தட்டின் முன்பக்கத்தில் 1, பின்பக்கத்தில் 8. அடுத்ததில் 3, 6. கடைசியில் 4, 5. விபத்து நடந்த இடத்தை வரைவதுபோல் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

5.20. "டாக்டர், மூணு மணிக்குச் செஞ்சதை அப்படியே செஞ்சு காட்டுங்க. மத்தவங்க கண்ணைத் திறந்தே வைங்க."

முதல் பக்கம் சுழன்றது. கடுகு பொரிவது போன்ற இரைச்சலுக்கு அடியிலிருந்து வயலின் எழுந்தது. பூட்டிய அறையில் யாரோ தனியாக நடந்துகொண்டே தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்வது போலிருந்தது. விசாரணை பாதியில் அறுந்தது, பக்கம் தீர்ந்துவிட்டது. கதவோரம் நின்ற யூசுப் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கிருஷாந்த் தட்டைத் திருப்பி ஊசியை வைத்தார்.

இரண்டு குரல்கள் வரவில்லை. வயலின் மெதுவாக, நீளமாக, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

"இது கடைசிப் பக்கமாச்சே!" என்றார் முத்துக்குமாரு.

"ஏன் மாமா அப்படி?"

"தட்டை அடுக்கி வச்சா ஒண்ணொண்ணா தானே விழுற மெஷினுக்குன்னு செஞ்ச செட். நாலும் வரிசையா பாடி முடிச்சதும் அடுக்கை மொத்தமா திருப்பி வைக்கணும். நான்தான் கையால மாத்தி மாத்திப் போடுவேன்."

"ஆக, ரெண்டாம் பக்கம் இருக்கிறதே காணாமப் போன தட்டுலதான். மொத தட்டைத் திருப்பி யாரும் அதைக் கேட்டிருக்க முடியாது. டாக்டர் இன்னிக்கு எதையுமே கேட்கலை. பத்தொன்பது வருஷம் கண்ணை மூடிக்கிட்டு இருந்ததால, மாமா நடுவுல தட்டு மாத்துறது அவருக்குத் தெரியாது." ஷாமினி கையை நீட்டினாள். "பையைக் குடுங்க டாக்டர்."

பைக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் கறுப்பாக ஐந்து சில்லுகள்.

"ரெண்டாவது தட்டைக் கேக்கலாம்னு லேபிளைக்கூடப் பாக்காம உருவினேன்," என்றார் கிருஷாந்த். "கை வழுக்கிருச்சு. பயந்துட்டேன்."

ஷாமினி படிக்கட்டில் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கன்னையாண்ணே, ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணாதீங்க. எடுத்தது யூசுப் இல்ல."

அவள் திரும்பியபோது கிருஷாந்தைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் தண்ணீர் நீட்டினார். ஒருவர் முதுகைத் தடவினார்.

"பரவால்ல லா டாக்டர். கை தவறுறது சகஜம்."

"வேணும்னா ஒடைச்சீங்க? விடுங்க," என்றார் முத்துக்குமாரு.

யூசுப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றார்.

"என் கையிலேர்ந்து விழுந்திருந்தா, சார்?"

பதிலுக்குக் காத்திருக்க அவருக்கு நேரமில்லை. கீழேயிருந்து கன்னையா, "யூசுப்பு, தே தாரேக் நாலு கிளாஸ், சீக்கிரம் லா!" என்று கூவினார்.