வீட்டுக்கொரு கண்டல்

செவ்வாய்க் கிரகத்தின் நெய்தல்குடியில் எல்லோரும் தம் பல்லைத் தேய்க்கும் முன் செடியின் வேரைத் தேய்ப்பார்கள். அன்று காலை ஜெபசிங்கும் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தேய்த்தது வேரை அல்ல, மின்கம்பியை. கறுப்புக் கம்பியை முறுக்கித் தண்டு செய்து, பச்சை பெயிண்ட் அடித்த தகடுகளை இலையாக ஒட்டியிருந்தான். தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி நடைபாதையைப் பார்த்திருந்ததால், போகிறவர்கள் பார்க்கும்படி பொறுமையாகத் தேய்த்தான்.

நெய்தல்குடி ஒரு பெரிய கண்ணாடிக் கூரைக்குள் அடங்கிய ஊர். நிலத்தைத் துளைத்தபோது கிடைத்த தண்ணீர் உவராக இருந்தது. அதில் வளர ஒப்புக்கொண்டது வெண்கண்டல் ஒன்றுதான். பூமியில் கடலோரச் சேற்றில் நிற்கும் மரம். தூத்துக்குடிக்காரர்களுக்கு உப்பும் தெரியும், கண்டலும் தெரியும் என்று யாரோ நம்பியதால் அவர்களையே இங்கே குடியேற்றினார்கள். வீட்டுக்கொரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கொரு கண்டல். அலையான் என்ற சிறு கருவி தொட்டியில் வேளை தவறாமல் கடலோதம்போலத் தண்ணீரை ஏற்றும், இறக்கும். இலையில் பூக்கும் உப்பைச் சுரண்டிக் குழம்பில் போடுவார்கள். செடி உயிரோடிருக்கும் வீட்டுக்குக் குடும்ப மூச்சுப் பங்கு. செடி இல்லாத வீட்டுக்கு ஒற்றைப் பங்கு. மேலும் தேவைப்படும் பிராணவாயுவை ஊரின் நடுவே இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் மூச்சாலை தரும்.

ஜெபசிங்கின் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அதன்பின் அவனுக்குச் செய்ய வேறொன்றும் இல்லாததால் செடியைப் பார்த்துக்கொண்டான். தண்ணீரை அடிக்கடி மாற்றினான். சேற்றை எடுத்துவிட்டு வெள்ளைக் கூழாங்கல் போட்டான். மண்ணுக்கு மேலே பென்சில் போல நீட்டிக்கொண்டிருந்த மூச்சு வேர்களைச் சமமாக நறுக்கினான். செடி போன மாதம் கடைசி இலையை உதிர்த்தது.

இப்போது, யாரும் எதிர்பாராமல், அவனே எதிர்பாராமல், அவனுக்கு மீண்டும் கல்யாணம். பெண் பியூலா, பம்பு மெக்கானிக். கப்பல் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. இன்றைய ஆய்வில் செடி தேறினால் மதியம் இறங்குவாள். தேறாவிட்டால் கப்பல் அவளை அடுத்த குடியேற்றத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கிருந்து திரும்பி வர வாழ்நாளில் பாதி ஆகும்.

சுவர்த்திரையில் பியூலாவின் முகம் வந்தது.

"செடி எப்படி இருக்கு?"

"இருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசுவீங்க போல. நான் இறங்கி வந்தா யாரோட பேசறது?"

ஜெபசிங் சிரித்தான். சிரிப்பு வந்தது அவனுக்கே விநோதமாக இருந்தது. அந்தச் சமயம் பக்கத்து வீட்டுக் கனகமணி அக்கா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். திரை அணைந்ததும் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு இலையைச் சுண்டினாள். டிங் என்றது.

"ஏலே, தகரமா வளக்க?"

ஜெபசிங் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, வெளிய சொல்லிராதீய. அவ வந்துரட்டும்."

"யார்ட்ட சொல்ல? என் வீட்டுத் தொட்டில இருக்கது பிளாஸ்டிக்கு. நல்ல சரக்கு, பூமியில இருந்து வந்தது."

"ஆய்வுல எப்படித் தேறுனீய?"

அக்கா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இத்தன வருசமா இந்தக் கட்டடத்துல இருக்க, உனக்கு யாருமே சொல்லலியா? மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே செடிதாம்ல."

விஷயம் இதுதான். உயிருள்ள கண்டல் ஒன்றே ஒன்று ஊர்த் தலைவர் வெள்ளத்துரை அண்ணாச்சி வீட்டில் இருந்தது. ஆய்வு நாளன்று அதைப் பிரியாணி அண்டாவில் வைத்து, சரக்கு மின்தூக்கியில் ஏற்றி, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். ஆய்வு செய்ய வருவது இலைநோக்கி என்ற மூன்றுகால் எந்திரன். அதற்குக் கூர்மையான கண் உண்டு, ஞாபகம் கிடையாது. ஒரு வீட்டில் பார்த்ததை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று வீட்டு மானச் சட்டம் சொல்வதால், ஒவ்வொரு வாசல்படி தாண்டும்போதும் அது எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"அது அடுத்த வீட்டுக்கு வாரதுக்குள்ள செடி போய்ச் சேரணுமே?"

"அதுக்குத்தானல காப்பி இருக்கு."

ஆரம்பத்தில் இலைநோக்கி வந்த வேலையை முடித்ததும் போய்விடும். வீடேறி வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவது மரியாதையா என்று ஊரே மனு கொடுத்தது. அதற்குப் பிறகு, உட்காரச் சொன்னால் உட்காரவும், கோப்பையை நீட்டினால் வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருக்கவும் எந்திரனைப் பழக்கினார்கள். அது முன்னறையில் காப்பியைப் பிடித்தபடி பிள்ளைகளின் படிப்பை விசாரித்துக்கொண்டிருக்கும்போது, அடுக்களை வழியாக அண்டா வெளியேறும்.

ஆய்வு தொடங்கியது. ஜெபசிங்கும் அண்டாவுக்கு ஒரு கை கொடுத்தான். நீண்ட காலத்துக்குப் பிறகு அவன் ஓடினான். கீழ்த்தளத்திலிருந்து மேலே, ஒவ்வொரு வீட்டிலும் கம்பியும் பிளாஸ்டிக்கும் துணிப் பூவும் தொட்டியிலிருந்து எழுந்து கட்டிலுக்கடியில் போயின. கண்டல் உள்ளே இறங்கியது, பார்க்கப்பட்டது, மறுபடி அண்டாவில் ஏறியது. ஒரு வீட்டில் காப்பித்தூள் தீர்ந்துபோய் வெந்நீரில் வெல்லம் கரைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் செடி வருமுன்னே எந்திரன் வந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைக் கதவருகிலேயே நிறுத்திவைத்து, தன் மூட்டுவலியை முழங்காலிலிருந்து தொடங்கிச் சொன்னார்.

ஜெபசிங்கின் முறை வந்தது. செடியைத் தொட்டியில் நட்டு, அவன் கையைத் துடைக்கும்போதே இலைநோக்கி நுழைந்தது. கண்ணைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"இச்செடி நடுங்குகிறது," என்றது.

 கனகமணி அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டே, "உம்மளப் பாத்துப் பயந்துட்டு," என்றாள்.

இலைநோக்கி யோசித்தது. "அச்சம் உயிரின் அடையாளம். உயிர் உண்டு. தேறியது."

அக்கா நடைபாதைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜெபசிங் எந்திரனுக்குக் காப்பி கொடுத்தான்.  திரையில் பியூலாவின் பெயருக்கு எதிரே 'இறங்க அனுமதி' என்று வந்தது. அதை அவன் பலமுறை படித்தான்.

நண்பகலுக்குள் ஊரெங்கும் ஆய்வு முடிந்தது. வெள்ளத்துரை அண்ணாச்சி எல்லாத் திரைகளிலும் தோன்றினார். நெய்தல்குடியின் எல்லா வீடுகளிலும், ஒன்றுகூட விடாமல், கண்டல் செழிப்பாக இருப்பதாக அறிவித்தார். வேறெந்தக் குடியேற்றமும் எட்டாத சாதனை. ஆகவே மூச்சாலை இனித் தேவையில்லை. இன்று மாலை அதை நிறுத்தி, அதன் மின்சாரத்தில் ஊருக்கே அலங்கார விளக்குப் போடப்படும்.

கட்டடம் கைதட்டியது. ஜெபசிங் மட்டும் படியேறித் தலைவர் வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணாச்சி, செடி ஒண்ணுதான இருக்கு?"

"நம்ம கட்டடத்துல ஒண்ணு. மத்த கட்டடத்துலல்லாம் நெசமாவே வளக்காவல்லா." அவர் நிம்மதியாக இருந்தார். "ஊர்ல நம்மள மாரி நாலு பேர் இருக்கத்தான் செய்வாம். அதுக்காக ஊரே நாறிட்டுன்னு சொல்லிர முடியுமா?"

"மூச்சாலையையும் நிப்பாட்டுனா பியூலா எதை மூச்சு விடுவா?"

"பொண்ணு வார நேரத்துல அபசகுனமாப் பேசாத. போய்க் குளி."

ஜெபசிங் குளிக்கவில்லை. நேரே மூச்சாலைக்குப் போனான். அதன் பொறுப்பாளர் தங்கப்பழம் வேறு கட்டடத்துக்காரர். அவரிடம் அண்டாவிலிருந்து காப்பிவரை எல்லாவற்றையும் சொன்னான். குடும்பப் பங்கு போனாலும் போகட்டும், மூச்சாலையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்றான். சொல்லும்போதே பியூலாவின் கப்பல் திரும்பிப் போவதுபோல் அவனுக்குத் தோன்றியது.

தங்கப்பழம் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க கட்டடத்துல ஒண்ணாவது இருக்கே. எங்க கட்டடத்துச் செடி கண்ண மூடி நாளாச்சு. பக்கத்துல இரவல் வாங்குதோம். அவிய எங்க வாங்குதாவளோ."

"அப்ப மூச்சாலைய நிப்பாட்டாதீய."

தங்கப்பழம் சிரிப்பை நிறுத்தினார். அவனை உள்ளே கூட்டிப்போனார். பெரிய எந்திரம் தூசி படிந்து சும்மா நின்றது. அதன்மேல் ஓர் ஒலிபெருக்கி உறுமிக்கொண்டிருந்தது.

"நாலு வருசம் முந்தி நின்னுபோச்சு. சாமான் பூமியில இருந்து வரணும். ஆனா ஒருத்தருக்கும் மூச்சு முட்டல. வீட்டு வீட்டுக்குச் செடி இருக்கே, அதான் போலன்னு நெனச்சேன். மனசு கெட்டுப்போவக்கூடாதுன்னு சத்தத்த மட்டும் போட்டு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முகம் சிவந்து, கண் பிதுங்கி, பிறகு ஒரே நேரத்தில் விட்டார்கள். காற்று தாராளமாக உள்ளே போய்வந்தது.

"அப்ப இது எங்க இருந்து வருது?" என்றான் ஜெபசிங்.

தங்கப்பழம் காற்றுமானியை எடுத்தார். தெருவில் ஒவ்வொரு திசையாகக் காட்டினார். கீழே, இறங்குதளத்தின் பக்கம் போகப்போக முள் ஏறியது. இறங்குதளத்தில் பியூலா ஒரு பெட்டிமீது உட்கார்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணை வரவேற்க யாரும் வந்திருக்கவில்லை.

"இதான் நீங்க இருக்கற இருப்பா?" என்றாள். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றாள். ஜெபசிங் நடந்தபடியே சொன்னான். அவன் அதுவரை அவளிடம் பேசிய எல்லாவற்றையும்விட அது நீளமாக இருந்தது.

முள் ஓர் உயரமான சுவரைக் காட்டியது. சுவருக்கு அப்பால் கழிவுப் பள்ளம். ஊரின் சாக்கடை, மீன்தொட்டிக் கழிவு, சமையல் மிச்சம் எல்லாம் குழாய் வழியே அங்கே போய் விழும். நாற்றம் வெளியே வராதிருக்கச் சுவர் கட்டினார்கள். கட்டியபின் யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

பியூலா பெட்டியைச் சுவரோரம் போட்டு ஏறினாள். சுவர் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க ஏறிப் பாருங்க," என்றாள்.

சுவருக்கு அப்பால் காடு. கறுத்த சேற்றில் வெண்கண்டல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நறுக்கப்படாத மூச்சு வேர்கள் சேறெங்கும் முள்போலக் குத்திட்டிருந்தன. கூரை வழியே இறங்கிய வெயிலில் இலையெல்லாம் உப்பு மினுங்கியது. ஒவ்வொரு தண்டிலும் ஒரு பித்தளை வளையம். தொட்டியில் வைக்கும்போது குடும்பப் பெயர் பொறித்துப் போடும் வளையம் அது. கனகமணி. தங்கப்பழம். வெள்ளத்துரை, மூன்று தடவை.

"செத்த செடிய நீங்க என்ன செஞ்சீங்க?" என்று பியூலா கேட்டாள்.

"குழாய்ல போட்டேன். யாரும் பாக்காதப்ப."

"எல்லாரும் அப்படித்தானா?"

தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டார். பியூலாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மூவருக்கும் நிற்கவில்லை. தங்கப்பழம் சுவரோரம் உட்கார்ந்தே விட்டார். அன்போடு பார்த்துக்கொண்ட இடத்திலெல்லாம் செத்து, மறந்துபோன இடத்தில் பிழைத்து, அந்தச் செடிகள் நாலு வருடமாக ஊரை மூச்சுவிட வைத்திருந்தன.

செய்தி பரவியது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஏணிகளோடு சுவருக்கு வந்து, அப்பால் பள்ளத்தின் கரையில் இறங்கியது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்ல ஆளில்லை. அவரவர் தம் வளையத்தைத் தேடி, கண்டுபிடித்ததும் பிள்ளையைப் பார்த்ததுபோல் கலங்கினார்கள். வெள்ளத்துரை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"இப்பேர்ப்பட்ட செல்வத்த இந்த நாத்தத்துல விட்டு வச்சிருக்கமே. மனுசன் செய்யுத காரியமா இது? இன்னைக்கே பள்ளத்தச் சுத்தம் பண்ணுவோம். அவுக அவுக செடிய அவுக அவுக எடுத்துட்டுப் போயி, நல்ல தண்ணி ஊத்தி, புதுத் தொட்டில வச்சுப் பாத்துக்கிடணும். இனிமே ஏமாத்து கெடையாது. செடி இல்லாத வீட்டுக்குப் பங்கும் கெடையாது."

இந்த முறை எல்லோரும் மனதாரக் கைதட்டினார்கள்.

"அண்ணாச்சி, எடுத்தா செத்துரும்," என்று ஜெபசிங் கத்தினான்.

"இந்த மட்டம் நல்லாப் பாத்துக்கிடுவோம்லே," என்றாள் கனகமணி அக்கா. அவள் ஏற்கெனவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டடம் கட்டடமாக இறங்கினார்கள். சிரிப்பும் கூச்சலுமாகத் திருவிழாபோல இருந்தது. வரிசையில் வரும்படி தங்கப்பழம் ஒழுங்குபடுத்தினார்.

ஜெபசிங்கும் இறங்கினான். பள்ளத்தின் ஓரத்தில் அவனுடைய வளையம் கிடைத்தது. அந்தச் செடியில் நான்கைந்து புது இலைகள் விட்டிருந்தன. தண்டைப் பிடித்தான்.

"பிடுங்காதீங்க," என்றாள் மேலே நின்ற பியூலா.

"பிடுங்காட்டா உனக்குப் பங்கு இல்ல. சாயங்காலமே திருப்பி ஏத்திருவாங்க."

பியூலா அவனைப் பார்த்தாள். காட்டைப் பார்த்தாள். செடிகள் பிடுங்கப்பட, காட்டின் அந்தக் கோடி ஏற்கெனவே வெளிச்சமாகிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் சேற்றில் இறங்கினாள்.

"மெதுவாப் பிடுங்குங்க," என்றாள். "வேர் அறுந்துறாம."