கட்டிலடியில் தேங்கிய தண்ணீர்

காலை 6.10. காய்கறிப் பெட்டியை இழுத்த மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கேரட்டுகள் நீந்திக்கொண்டிருந்தன. கீரை மூழ்கி உயிரை விட்டிருந்தது.

"உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன் பாரு!" என்று ஃப்ரிட்ஜின் கதவில் ஒரு தட்டு தட்டிவிட்டு, வழக்கம்போலக் குவளையால் தண்ணீரை மொண்டு வெளியேற்றினாள். இது பத்தொன்பதாவது நாள். இரண்டு மெக்கானிக்குகள் வந்து போய்விட்டார்கள். ஒருவர் கதவு ரப்பரை மாற்றினார், மற்றவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். தண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

காலை 9.30. மூன்றாவது மெக்கானிக் வந்தாள். வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டார்ச் அக்கா.

சமையலறையில் இடமில்லாமல் ஃப்ரிட்ஜ் கூடத்தில் நின்றது. அதை ஒட்டி ஒரு கட்டில். அதில் மாமனார், சலவைச் சட்டையும் மடியில் ஒரு பையுமாக உட்கார்ந்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன் அடிவயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர்.

"ஐயா ஊருக்குக் கிளம்பிட்டீங்களா?"

"முதியோர் இல்லத்துக்கும்மா. பதினோரு மணிக்கு வண்டி வரும்."

மருமகள் கையிலிருந்த பாத்திரத்தை டொம்மென்று வைத்தாள். "நீங்களாவது கேளுங்கக்கா! நான் என்ன குறை வெச்சேன்னு பத்து நாளா கேக்கறேன். அங்க காத்தோட்டமா இருக்குமாம். இங்க என்ன, காத்தை மூட்டை கட்டியா வெச்சிருக்கோம்?"

பெரியவர் பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

மருமகள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள். டார்ச் அக்கா ஒரே மூச்சில் குடித்தாள். பெரியவர் டம்ளரை வாங்கி, தொடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டார். அவருடைய உதடுகள் வெடித்திருந்தன.

9.45. விசாரணை.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ரெண்டாம் நாள்."

"வெளியே வழியுதா?"

"ஃப்ரிட்ஜுக்கு முன்னாடி காஞ்சுதான் இருக்கு. உள்ளே தேங்கறதை நான் காலைல மொண்டு ஊத்திடுவேன்."

தட்டுகளில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மூடிகளில் ஒட்டிய சீட்டுகள். மூன்றில் "மாமாவுக்கு, உப்பு கம்மி" என்று எழுதியிருந்தது. நான்காவதில் பசைத் தடம் மட்டும்.

"இதோட சீட்டு?"

"எங்கேயோ விழுந்துடுச்சு. இப்ப அதுவாக்கா முக்கியம்?"

டார்ச் அக்காவின் கையிலிருந்து ஒரு திருகாணி நழுவியது. தரையில் விழுந்து, யாரோ கூப்பிட்டது போலக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. அவள் டார்ச்சோடு குனிந்து உள்ளே போனாள். திருகாணி கிடைத்தது. கூடவே, கட்டில் சட்டத்தில் பிழிந்து மறைத்துப் போட்டிருந்த ஈரத் துண்டும்.

மருமகள் அடுப்பைப் பார்க்கப் போனதும் டார்ச் அக்கா பெரியவரிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, இந்தத் துண்டு?"

அவர் முகம் சுருங்கியது. "ஆபரேஷனுக்கு அப்புறம், ராத்திரி எழுந்து உட்கார்றப்ப என்னை அறியாம ஒண்ணுக்குப் போயிடுதும்மா. விடிகாலைல கட்டிலடியில தேங்கி நிக்குது. அவ எழுந்திரிக்கறதுக்குள்ள துடைச்சிடுவேன். தண்ணி குடிக்கறதையே குறைச்சுப் பார்த்தேன், அப்பவும் நிக்கல. அந்தப் புள்ளை இதையெல்லாம் அள்ளிக் கொட்டணுமா?"

"துடைக்கறப்ப வெதுவெதுன்னு இருந்துச்சா, சில்லுன்னு இருந்துச்சா?"

"இதென்னம்மா கேள்வி? சில்லுன்னுதான்."

டார்ச் அக்கா சமையலறைக்குப் போனாள். ஜன்னலில் இன்னொரு ஈரத் துணி தொங்கியது.

"இது எதுக்கு?"

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குத் தெரிய வேண்டாம்க்கா. காலைல கட்டிலடியில ஈரம் இருக்கும். அவர் பல் விளக்கப் போறப்போ துடைச்சிடுவேன். சொன்னா கூசிப் போயிடுவார்."

டார்ச் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

10.40. இருவரையும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நிறுத்தினாள். காய்கறிப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டு, டார்ச்சைக் கடித்தபடி பின்சுவரின் அடியில் இருந்த சுண்டுவிரல் அளவுத் துளைக்குள் இடுக்கியை விட்டாள். நைந்து சுருண்ட ஒரு காகிதம் வந்தது. அதைத் தொடர்ந்து, காலைக்குப் பிறகு மறுபடி தேங்கிய தண்ணீர் மடமடவென்று துளைக்குள் இறங்கியது.

காகிதத்தை விரித்தாள். மை கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. *மாமாவுக்கு, உப்பு கம்மி.*

"குற்றவாளி இவர்தான். பின்சுவர்ல படியற பனி உருகினா, தண்ணி இந்தத் துளை வழியாத்தான் பின்னாடி இருக்கற தட்டுக்குப் போகணும். சீட்டு அடைச்சிடுச்சு. காலைல நீ மொண்டு ஊத்தற. மறுநாள் விடியறப்ப மறுபடி நிரம்பிக் கதவு மூலையில வழியுது. தரை கட்டில் பக்கம் சரிவு. திருகாணி போன வழியிலதான் தண்ணியும் போகுது. ஐயா, நம்ம உடம்புலேருந்து எதுவும் சில்லுன்னு வராது!"

பெரியவர் குனிந்து கட்டிலடியைப் பார்த்தார். டார்ச் அக்கா விடவில்லை.

"முன்னாடி வந்த ரெண்டு மெக்கானிக்குக்கும் ஏன் தெரியலைங்கறீங்க? தடயத்தை நீங்க ரெண்டு பேரும் போட்டி போட்டுத் துடைச்சிருக்கீங்க! ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?"

மருமகள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள், சிரிக்கவும் செய்தாள். "இதுக்கா மாமா கிளம்பினீங்க? நிஜமாவே உங்களுக்கு முடியலைன்னாலும் நான் துடைக்க மாட்டேனா?"

"துடைச்சுக்கிட்டுத்தானேம்மா இருந்திருக்க," என்றார் அவர்.

கடவுள் சில நல்ல சேதிகளை இடுக்கியின் நுனியில்தான் அனுப்புகிறார்.

11.00. வாசலில் ஹாரன் ஒலித்தது. மருமகள் மாமனாரின் மடியிலிருந்த பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பெரியவர் ஜன்னல் விளிம்பிலிருந்த டம்ளரை எடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"இன்னொண்ணு கொடும்மா."

ஹாரன் மறுபடி அலறியது. டார்ச் அக்கா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"போயிட்டு வாங்கண்ணே! இங்க யாரும் வரல. ஐயா தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கார்!"